ஒட்டு காயட்டும், தம்பி

சைக்கிள் கடையில் வேலை பழக வந்திருக்கிற தம்பிக்கு, மதுரைத் திருநகரில் இதே வேலையில் தலை நரைத்தவன் சொல்வது. பஞ்சர் ஒட்டுவது சின்ன வேலை என்று எண்ணாதே. நிலையூர்த் தறிக்காரர், பசுமலைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை, விடியற்காலையில் பால் கேனோடு போகிறவர் எல்லாரும் நாம் ஒட்டிய விரலகல ரப்பரை நம்பித்தான் ஏறி மிதிக்கிறார்கள்.

1. முதலில் வால்வைப் பார். காற்று இறங்கினாலே பஞ்சர் என்று டயரைப் பிரிக்காதே. நம்மூர்ச் சாதாச் சைக்கிளில் காற்றை அடைத்து நிற்பது வால்வுக்குள் இருக்கிற சின்ன ரப்பர்க் குழாய், வால்டியூப். வெயிலில் அது இற்றுப்போகும். வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார். குமிழ் வந்தால் வால்டியூபை மாற்றிக் காற்றடித்து அனுப்பு. அதற்குப் பஞ்சர் காசு வாங்காதே.

2. சக்கரத்தைக் கழற்றாமல் வேலையை முடி. டியூபைப் பார்க்க டயரின் ஒரு பக்கத்தைப் பிரித்தால் போதும். சுற்றிலும் டயர் விளிம்பைக் கட்டை விரலால் அமுக்கி ரிம்மின் நடுப் பள்ளத்தில் இறக்கிவிடு. தளர்ந்துவிடும். பிறகு லிவர் போடு. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ஒரு ஓட்டை இரண்டாகும். வால்வு இருக்கிற இடத்தில் நெம்பவே கூடாது. வால்வின் அடி கிழிந்தால் அதை எந்த ஒட்டும் காப்பாற்றாது.

3. ஓட்டை சொல்வதைக் கேள். காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஒரு முழுச் சுற்று பார். முதல் குமிழைக் கண்டதும் நிறுத்திவிடாதே. வெளிப்பக்கம் ஒற்றைப் பொட்டு என்றால் பெரும்பாலும் முள் அல்லது ஆணி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால், காற்றுக் குறைவாக இருந்து கல்லில் மோதி ரிம் கடித்திருக்கிறது. உள்பக்கம், ரிம்மை ஒட்டி ஓட்டை என்றால் கம்பி முனை துருத்துகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் அந்த வண்டி மறுநாளே திரும்பி வரும்.

4. முள்ளை எடுக்காமல் ஒட்டாதே. நம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளிலும் காலி மனைகளிலும் சீமைக் கருவேலம்தான். அதை வெட்டி அகற்றச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளையே உத்தரவு போட்டது. ஆனாலும் முள் குறையவில்லை. அந்த முள் டயருக்குள் முறிந்து, நுனி மட்டும் உள்ளே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. டியூபை டயர்மேல் வைத்து, அதன் வால்வை ரிம்மின் வால்வு துவாரத்துக்கு நேராகப் பொருத்திப் பார்த்தால் முள் எங்கே என்று தெரிந்துவிடும். டயரின் உள்பக்கம் பழைய பருத்தித் துணியை ஓட்டு. நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கிறது. வெறும் விரலை ஓட்டினால் உன் ரத்தம்தான் வரும்.

5. பளபளப்பு போகத் தேய். புது டியூபின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். அதன்மேல் எந்த ஒட்டும் பிடிக்காது. உப்புத்தாளால், பேட்சைவிட அரை விரல் அகலம் கூடுதலாக, கறுப்பு மங்கி வரும்வரை தேய். தூசியைத் துணியால் துடை, வாயால் ஊதாதே, எச்சில் ஈரம் படும். தேய்த்த இடத்தை விரலால் தடவிப் பார்க்காதே. கையில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போதும், ஒட்டைக் கெடுக்க.

6. சொல்யூஷன் காயட்டும். எல்லாவற்றிலும் பெரியது இதுதான். மெல்லியதாக, பரவலாகத் தடவி ஐந்து நிமிஷம் விடு. சொல்யூஷன் என்பது ரப்பரைக் கரைத்து வைத்த திரவம். கரைத்த திரவம் ஆவியாகப் போன பிறகு மிஞ்சுகிற ரப்பர்ப் படலம்தான் பிடிக்கும். ஈரத்தோடு பேட்ச் வைத்தால் அந்த ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளே சிக்கும். ஓரத்தில் விரல் முதுகை வைத்துப் பார். பிசின் கையோடு வரக் கூடாது, மினுமினுப்பு அடங்கியிருக்க வேண்டும். சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும், ஐப்பசி மழையில் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

இதை நான் தவறிக் கற்றேன். பிளஸ் டூ பரீட்சை நாள் காலை. அரசு கொடுத்த சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு பிள்ளை வந்தது. நேரமாகிறது என்று அது தவித்ததைப் பார்த்து நானும் பதறினேன். ஈரம் காயுமுன் ஒட்டிக் காற்றடித்து அனுப்பிவிட்டேன். மூலக்கரை தாண்டுமுன் இறங்கிவிட்டது. மிச்ச தூரம் அது வண்டியை உருட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை, சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றது. நான் டியூபை எடுத்துப் பேட்சின் ஓரத்தைப் பிடித்ததும் நுங்கின் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் சொல்யூஷன் பிசுபிசுவென்று அப்படியே இருந்தது. நான் மிச்சம் பிடிக்க நினைத்த ஐந்து நிமிஷம் அந்தப் பிள்ளைக்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

7. நெருப்பைக் கிட்டே கொண்டுவராதே. சீக்கிரம் காயட்டும் என்று சொல்யூஷனில் தீக்குச்சி கிழித்துக் காட்டுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. டியூபும் பாழ், கையும் பாழ். காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து ஒட்டு. டப்பாவை மூடி வை. அந்த வாடையை ஆசையாக முகர்கிற சிறுவர்கள் உண்டு, அது மூளையையும் உயிரையும் தின்னும். கேட்டு வருகிற பிள்ளைக்கு ஒரு சொட்டும் கொடுக்காதே.

8. மாட்டும்போது வால்வில் முடி. டியூபில் கொஞ்சம் காற்று வைத்து உள்ளே தள்ளு. அப்போது மடிப்பு விழாது. டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கிக் கைகளாலேயே ஏற்றிக்கொண்டு வந்து வால்வில் முடி. பிறகு வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி இழு. டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் சிக்கியிருந்தால் விலகும்.

9. ஒட்டு டயர் வந்தால் இரண்டு நாளாவது கேள். பந்தயச் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் எப்போதாவது ட்யூபுலர் டயர் கொண்டுவருவார்கள். அதில் டியூபை உள்ளே வைத்து டயரையே தைத்திருக்கும். ரிம்மில் விளிம்பு கிடையாது. பசை மட்டும்தான் பிடி. கழற்றும்போது காற்றை முழுக்க இறக்கி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு கட்டை விரலாலும் தள்ளி உருட்டு. கார்பன் ரிம் என்றால் இரும்பு கிட்டே வரக் கூடாது. புது டயரைப் பசையில்லாமல் ரிம்மில் மாட்டிக் காற்றடித்து ஒரு நாள் விடு, இழுபடட்டும். பிறகு ரிம்முக்கும் டயரின் அடித்துணிக்கும் மெல்லிய பூச்சு. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. கடைசிப் பூச்சு பூசி, வால்வில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒரே இழுப்பாகக் கீழே இழுத்து மாட்டு. நேராக ஓடுகிறதா என்று சுற்றிப் பார்த்துக் காற்றடி. ஒரு முழு நாள் தொடாதே. பிறகு காற்றை இறக்கிக் கட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளு. எங்காவது இடைவெளி தெரிந்தால் அந்த வண்டியை வெளியே விடாதே.

வெயில் இந்தப் பசைக்கு எதிரி. 2003 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், காப் நகரை நோக்கி இறங்குகிற மலைச் சாலையில் தார் உருகிக் கிடந்தது. ஸ்பெயின் வீரர் ஹோசெபா பெலோகி பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் வழுக்கி, டயர் ரிம்மை விட்டு உருண்டு கழன்றது. தொடை எலும்பும் முழங்கையும் மணிக்கட்டும் முறிந்தன. மதுரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒட்டு டயர்ச் சக்கரத்தை விட்டுவைக்காதே என்று கொண்டுவந்த பிள்ளையிடம் சொல்லி அனுப்பு.

10. எவ்வளவு நேரமாகும் என்று உண்மையைச் சொல். 1888இல் டன்லப் காற்று டயரைக் கொண்டுவந்தபோது அதையும் சக்கரத்தோடு ஒட்டித்தான் வைத்தார்கள். பிரான்சில் மிஷ்லேன் சகோதரர்களிடம் அப்படி ஒரு சைக்கிள் பழுதுக்கு வந்தது. ஒட்டு காய ஓர் இரவு போயிற்று. அந்தக் காத்திருப்பைப் பார்த்துத்தான் அவர்கள் 1891இல் எளிதாகக் கழற்றி மாட்டுகிற டயரைக் கொண்டுவந்தார்கள். ஓர் இரவு இன்று ஐந்து நிமிஷமாகச் சுருங்கியிருக்கிறது. அந்த ஐந்தையும் சுருக்கப் பார்க்காதே. அவசரம் என்று வருகிறவரிடம், “கால் மணி ஆகும், உட்காருங்க அண்ணே” என்று ஸ்டூலை இழுத்துப் போடு. பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்றால் கடைச் சைக்கிளின் சாவியைக் கொடுத்து அனுப்பு. நான் அன்று செய்திருக்க வேண்டியது அதுதான்.