‘வெரி பவர்ஃபுல்’ என்று எழுதும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஆங்கிலக் கட்டுரையில் ஒருவரின் வாதத்தை எடுத்துச் சொல்லும்போது, ‘வெரி பவர்ஃபுல் ஆர்க்யுமென்ட்’ என்று கை தானாக எழுதிவிடும். கூடவே ‘கிளியர்லி’, ‘அப்சல்யூட்லி’ எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வாதத்துக்கு வலு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் படிப்பவருக்குத் தெரியாது.

அம்பேத்கரின் ‘அனிஹிலேஷன் ஆஃப் காஸ்ட்’ உரையைப் பார். 1936இல் லாகூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்க, சாதி ஒழிப்பு அமைப்பான ஜாத்-பாத் தோடக் மண்டல் அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றுவிட்டார் அவர். மாநாடு நின்றது, சொந்தச் செலவில் உரையை அச்சிட்டார்.

அதில் மராத்தியப் பகுதியில் நடந்த பேஷ்வா ஆட்சியைப் பற்றி ஓர் இடம் வருகிறது. புனேயில் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அவர்களின் காலடித் தடத்தை அது பெருக்கிக்கொண்டே வரும். எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்கலயம் வேறு. இத்தகைய செய்திகளை வரிசையாக வைத்துவிட்டு, சொந்த மக்களுக்கே பொதுப் பள்ளியை மறுப்பவர்களுக்கு அரசியல் அதிகாரம் கேட்கத் தகுதி உண்டா என்று கேட்கிறார். ‘ஸ்ட்ராங்லி கண்டெம்ஸ்’ என்று எழுதினால் இதில் ஒன்றுகூடத் தெரியாது. அந்தத் துடைப்பத்தை உன் வாக்கியத்துக்குள் கொண்டுவா.

அழுத்தமான சொல்லே கூடாது என்பதல்ல. ‘டிமாலிஷஸ்’ என்று தாராளமாக எழுது. எதைத் தகர்த்தார் என்பது உடனே வர வேண்டும். சாதி வெறும் வேலைப் பங்கீடுதான் என்று அன்று பலர் வாதாடினார்கள். அது வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது, தொழிலைப் பிறப்பிலேயே விதித்துவிடுகிறது என்று காட்டினார் அம்பேத்கர். இதைச் சொன்ன பிறகு ‘டிமாலிஷஸ்’ மிகையாகத் தோன்றாது. ‘வெரி’ போன்ற ஒட்டுச் சொற்களைக் குறைக்கும்படி ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்’ என்ற ஆங்கில நடைக் கையேட்டின் 1959 பதிப்பும் சொல்கிறது.

‘ரெஃப்யூட்ஸ்’ என்பதில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். எதிர்வாதம் தவறென்று நிறுவிக்காட்டியிருந்தால்தான் அது பொருந்தும். மறுத்துப் பேசியதற்கெல்லாம் பொருந்தாது. காந்தி ‘ஹரிஜன்’ இதழில் அந்த உரைக்கு மறுப்பு எழுதினார். ஒரு மதத்தை அதன் மோசமான மாதிரிகளைக் கொண்டு எடைபோடக் கூடாது என்பது அவர் கட்சி. அதற்கு ‘டிஸ்ப்யூட்ஸ்’ போதும். அம்பேத்கர் தந்த பதிலுக்கு எந்த வினைச்சொல் தகும் என்பதை, 1937 பதிப்பில் இருவர் எழுத்தையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு நீயே முடிவு செய்.

அன்புடன்,
அண்ணன்