ரோட்டரி டேபிள் செட்டிங்: எதைச் சுத்தணும், எதைத் தட்டணும்?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஃபிளாஞ்சில் 80 மி.மீ. பி.சி.டி.-யில் ஆறு துளை போட்டோம். துளைக்குத் துளை இடைவெளி சரியா 40 மி.மீ. ஆனா எதிர் ஃபிளாஞ்சோட சேர்த்து வச்சா ஒரு போல்ட்கூட ஒழுங்கா ஏறல. அளந்து பார்த்தா விளிம்பு ஒரு பக்கம் தடிமன், எதிர்ப்பக்கம் மெல்லிசு. பாதி நாள் மெஷினைத் திட்டினோம். தப்பு எங்க மேல.

இந்த செட்டிங்கில் மூணு மையம் இருக்கு: ஸ்பிண்டில், டேபிள், ஜாப். மூணையும் ஒரே தடவையில் சேர்க்க முடியாது. ரெண்டு வேலையா பிரிச்சுக்குங்க.

முதல் வேலை, ஸ்பிண்டிலை டேபிள் மையத்துக்கு மேல கொண்டு வர்றது. ஹெட் சாயாம நேரா இருக்கான்னு முதல்ல பாருங்க. டேபிளோட அடிப்பக்கம் பிசிறு, சீவல் இல்லாம துடைச்சு, போல்ட்டை இறுக்குங்க. ஸ்பிண்டில்ல லீவர் டயல் கட்டி, முனையை டேபிளின் நடுத்துளைச் சுவரில் தொட வச்சு, ஸ்பிண்டிலைக் கையால சுத்துங்க. இடதுல 0, வலதுல 0.08 மி.மீ. காட்டினா, எக்ஸ் ஹேண்டிலில் நகர்த்த வேண்டியது 0.04 மட்டும். அப்புறம் முன்-பின் பார்த்து ஒய். முள் அசையாம நின்னதும் ரெண்டு டயலையும் பூஜ்யம் வச்சுடுங்க.

இங்கதான் நிறைய பேர் ஸ்பிண்டிலை விட்டுட்டு டேபிளைச் சுத்துறாங்க. முள் அசையாது, சந்தோஷமா இருக்கும். ஆனா ஸ்பிண்டில் 5 மி.மீ. தள்ளி இருந்தாலும் அது அசையாதே! நடுத்துளை டேபிளோட அச்சுக்கு ஒத்து இருக்குங்கிறதைத்தான் அது சொல்லுது.

ரெண்டாவது வேலைக்கு எல்லாம் தலைகீழ். ஸ்பிண்டில் நிற்கணும், டேபிள் சுத்தணும். முனை ஜாப்பின் வெளிவட்டத்தில் தொடணும். லேசா கிளாம்ப் பண்ணி, வெளியே தள்ளி நிற்கிற பக்கத்தை நைலான் சுத்தியலால தட்டுங்க. இதிலும் வித்தியாசத்தில் பாதிதான். எக்ஸ், ஒய் ஹேண்டிலைத் தொடவே கூடாது. தொட்டா முதல் வேலை போச்சு. நாங்க கோட்டை விட்டது இங்கதான். டேபிள் மேல செதுக்கியிருக்கிற வட்டக் கோடுகளை நம்பி, கண்ணளவில் ஜாப்பை வச்சுட்டோம்.

பிறகு எக்ஸில் 40 நகர்த்தி, லாக் பண்ணி, துளை போட வேண்டியதுதான். 90:1 வொர்ம் உள்ள டேபிளில் கைப்பிடி ஒரு சுத்துக்கு 4 டிகிரி. 60 டிகிரிக்கு 15 சுத்து. எப்பவும் ஒரே திசையில் சுத்துங்க. தாண்டிப் போயிட்டா அரைச் சுத்து பின்னால போயி மறுபடி வாங்க, இல்லேன்னா பேக்லாஷ் வாங்கிடும். துளை போடும்போது டேபிள் லாக், சுத்தும்போது லாக் விடுதல், இதை மறக்காதீங்க.

முடிச்ச ஜாப்பைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடிக்கலாம். இடைவெளி ஆறும் ஒரே அளவா கூடியோ குறைஞ்சோ இருந்தா முதல் வேலையில் பிசகு. இடைவெளி சரி, விளிம்பு மட்டும் ஏறுக்கு மாறுன்னா ரெண்டாவதில். சில இடைவெளி மட்டும் ஒத்துப் போகலேன்னா, சுத்தை எண்ணினவரைக் கூப்பிட்டுக் கேளுங்க.