பிறர் பாவத்தில் பங்கு

வேத பகுதி: நீதிமொழிகள் 1:10-19, உபாகமம் 21:1-9, 1 இராஜாக்கள் 21

நீதிமொழிகளின் முதல் அதிகாரத்தில் தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் முதல் எச்சரிப்பு, ஒருவன் தனியாகச் செய்யும் பாவத்தைக் குறித்ததல்ல. கூட்டுச் சேருவதைக் குறித்தது. கொள்ளையைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று சிலர் வாலிபனுக்கு ஆசை காட்டுகிறார்கள். அவர்கள் பதுங்கியிருப்பது பிறருக்காக அல்ல, தங்கள் சொந்த உயிருக்காகவே என்று சாலொமோன் முடிக்கிறார்.

திருப்பதியையும் சித்தூரையும் சூழ்ந்த பகுதிகளில் இவ்வசனங்களை வாசிக்கிறவர்களுக்குச் செம்மரம் நினைவுக்கு வராமல் இராது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம் அது. சேஷாசலக் காடுகளில் வெட்டப்பட்டு, களவாய்க் கடல் கடந்து, சீனாவில் அறைகலனாகவும் ஜப்பானில் இசைக்கருவியாகவும் மாறுகிறது. 2015 ஏப்ரல் 7 அதிகாலையில், அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த சந்திரகிரிக்கு அருகே, தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் ஆந்திர அதிரடிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கற்களாலும் கோடரிகளாலும் தாங்கள் தாக்கப்பட்டதாகப் படையினர் கூறினர். சிலர் பேருந்திலிருந்தே பிடித்துச் செல்லப்பட்டதாக உடன் சென்றவர்கள் கூறினர். இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் கூலிகள். 2013 டிசம்பரில் இதே காட்டில் வனத்துறையினர் இருவர் மரம் வெட்டுவோரால் கொல்லப்பட்டதும் மறக்கத்தக்கதல்ல.

இந்தப் பாவம் யாருடையது? வெட்டியவனுடையது என்பது எளிய விடை. ஆனால் கூலிக்கு முன்பணம் கொடுத்தழைத்த தரகன், கேள்வி கேட்காமல் சரக்கை ஏற்றிய ஓட்டுநர், கிடங்கை வாடகைக்கு விட்டவர், சோதனைச் சாவடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கப்பலேற்றிய வணிகர் ஆகிய எவரும் மரத்தின்மேல் கோடரி வைக்கவில்லை. பசிக்காகத் திருடுகிறவனை ஜனங்கள் அவ்வளவாய் இகழமாட்டார்கள்; எனினும் அவன் ஈடுகட்டியே தீரவேண்டும் என்று நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. வேதத்தின் தராசு அத்தனை நுட்பமானது. கூலியின் குற்றத்தை அது மறைக்கவில்லை. அவனோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பாருங்கள். கடிதம் எழுதியவள் யேசபேல். பொய்ச்சாட்சி சொன்னவர்கள் பேலியாளின் மக்கள். விசாரணை நடத்தியவர்கள் யெஸ்ரயேல் ஊரின் மூப்பர்கள். அவர்களில் ஒருவராவது மறுத்ததாகப் பதிவில்லை. ஆகாப் செய்தது என்ன? வருத்தத்தோடு படுத்திருந்தான், பின்பு எழுந்து தோட்டத்தைச் சுதந்தரிக்கப் போனான். அவ்வளவே. ஆனால் எலியா கொண்டுவந்த செய்தி கொலைக் குற்றத்தை நேரே அவன்மேல் சுமத்துகிறது. தன் முத்திரை எதற்குப் பயன்பட்டது என்று அவன் விசாரிக்கவில்லை. பலனை மட்டும் ஏற்றுக்கொண்டான். விலை கேட்டுப் பொருள் வாங்கும் நாம், அது வந்த வழியைக் கேட்பதுண்டோ?

விலகி நிற்பதும் தப்புவிப்பதில்லை. எருசலேம் சூறையாடப்பட்ட நாளில் எதிரே நின்று பார்த்த ஏதோமை, சூறையாடியவர்களில் ஒருவனாகவே ஒபதியா எண்ணுகிறார். உபாகமம் 21 இன்னும் ஆழமாய்ச் செல்கிறது. வெளியில் கொலையுண்டவன் கிடந்து, கொன்றவன் யாரென்று தெரியாவிட்டால், பிரேதத்திலிருந்து சுற்றுப்புறப் பட்டணங்கள் வரைக்கும் தூரம் அளக்கப்படவேண்டும். மிகச் சமீபமான பட்டணத்தின் மூப்பர் பள்ளத்தாக்கில் கிடாரியின்மேல் கைகழுவி, தங்கள் கைகள் அந்த இரத்தத்தைச் சிந்தவில்லை, கண்கள் அதைக் காணவுமில்லை என்று கர்த்தருக்கு முன்பாகச் சொல்லவேண்டும். உண்மையாகவே காணாதவர்கள் மட்டுமே அப்படிக் கைகழுவ இயலும். பிலாத்துவும் தண்ணீர் அள்ளினான். ஆனால் அவன் கண்டிருந்தான், தடுக்கும் அதிகாரமும் அவனிடம் இருந்தது. சந்திரகிரிக் காட்டிலிருந்து அளவுநூல் பிடித்தால் அது சித்தூரில் நிற்குமா, ஜவ்வாது மலை வரைக்கும் நீளுமா, சென்னைத் துறைமுகத்தைத் தொடுமா?

திருச்சபையும் இந்த அளவுக்கு வெளியே இல்லை. ஆலயக் கட்டடத்திற்குப் பெருந்தொகை வரும்போது, கொடுப்பவரின் தொழிலைச் சபை மூப்பர்கள் அறிந்தும் அறியாதவர்போல் இருந்துவிடக்கூடும். யூதாஸ் எறிந்த முப்பது வெள்ளிக்காசைக் காணிக்கைப் பெட்டியில் போடப் பிரதான ஆசாரியர்கள் மறுத்தார்கள். இரத்தக்கிரயம் என்று சரியாகவே கண்டுகொண்டார்கள். அந்தக் காசைக் கொடுத்தவர்களும் அவர்களே.