ரீல்ஸ் லட்சம் பேர் பார்க்கிறார்கள், கூகுளில் கடையைக் காணோம்

கேள்வி: உடன்குடியில் கருப்பட்டி வியாபாரம் செய்கிறோம். மாமனார் காலத்துக் கடை. மூன்று வருடமாக இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டுவருகிறேன். பதநீர் காய்ச்சும் ஒரு வீடியோவை மட்டும் லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால், கூகுளில் ‘ஒரிஜினல் கருப்பட்டி’ என்று தேடினால் எங்கள் கடை கண்ணிலேயே படுவதில்லை. எங்கெங்கோ இருக்கும் ஆன்லைன் கடைகள்தான் முதலில் வருகின்றன. மாதாமாதம் பணம் கட்டினால் லைக், ஃபாலோயர், ஷேர் எல்லாம் ஏற்றித் தருவதாகவும், அவை ஏறினால் கூகுளிலும் கடை மேலே வந்துவிடும் என்றும் ஒரு விளம்பர நிறுவனத்தார் சொல்கிறார்கள். கட்டலாமா? எங்களுக்கு வெப்சைட் உண்டு. முகவரியும் போன் நம்பரும் மட்டும் அதில் இருக்கின்றன. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.
— வாசகி, உடன்குடி

பதில்: கட்டாதீர்கள். லைக் ஏறினால் கூகுளில் மேலே வரலாம் என்பது நடக்காத காரியம். அதுவும் விலைக்கு வாங்கிய லைக்கால் உங்களுக்கு ஒரு கிலோ கருப்பட்டிகூடக் கூடுதலாக விற்காது. அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் வாங்கும் மனிதர் யாரும் இல்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை யாராவது வந்து பேசினால் உதவும். 2010 டிசம்பரில், கூகுளில் ஸ்பாம் தடுப்புப் பிரிவைக் கவனித்துவந்த மேட் கட்ஸ், ட்விட்டர், ஃபேஸ்புக் தகவல்களையும் தரவரிசைக்கு ஓரளவு பயன்படுத்துகிறோம் என்று சொன்னார். அன்றைக்கு அது உண்மை. 2009இல் ட்விட்டருடன் கூகுள் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தது, ட்வீட்கள் உடனுக்குடன் அதன் கைக்கு வந்துகொண்டிருந்தன. 2011இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. 2014 ஜனவரியில் அதே மேட் கட்ஸ், ஒருவருக்கு எத்தனை ஃபாலோயர், ஒரு பதிவுக்கு எத்தனை லைக் என்பதையெல்லாம் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று தெளிவாக்கினார். ஒரு தளம் நாளைக்கே கூகுளுக்குக் கதவைச் சாத்திவிட்டால், அதை நம்பிச் செய்த கணக்கு என்ன ஆகும் என்பதுதான் கூகுளின் கவலை. முதலில் சொன்னது பரவிய அளவுக்குப் பின்னால் சொன்னது பரவவில்லை. உங்களிடம் வந்தவர்கள் விற்பது அந்தப் பழைய செய்தியைத்தான்.

லிங்க் விஷயமும் இப்படித்தான். ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பைச் சிபாரிசாக எடுத்துக்கொள்வதில்தான் கூகுளே பிறந்தது. ஆனால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளில் பெரும்பாலும் ‘நோஃபாலோ’ என்ற குறிப்பு இருக்கும். ‘இதை எங்கள் சிபாரிசாகக் கொள்ள வேண்டாம்’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு அது. 2005இல் வந்தது. 2019இல் கூகுள் அதைக் கண்டிப்பான கட்டளையாகப் பார்ப்பதை விட்டு, ஒரு குறிப்பாக மட்டும் பார்க்கத் தொடங்கியது. ஆனாலும் இன்ஸ்டா பயோவில் இருக்கும் லிங்க் உங்கள் வெப்சைட்டைத் தூக்கிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

அப்படியென்றால் மூன்று வருட உழைப்பு வீணா? இல்லவே இல்லை. அது வேறு வழியாக வேலை செய்கிறது. உங்கள் ரீலைப் பார்த்த ஒருவர் அப்போதே வாங்கமாட்டார். பத்து நாள் கழித்து வீட்டில் கருப்பட்டி தீரும்போது, ‘உடன்குடியில் ஒரு அக்கா வீடியோ போடுவாரே’ என்று ஞாபகம் வந்து கடைப் பெயரைக் கூகுளில் அடிப்பார். சமையல் பற்றி எழுதும் ஒருவர் உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தன் தளத்தில் கடையைக் குறிப்பிடுவார். பத்திரிகை நிருபர் ஒருவர் பனைத்தொழில் பற்றி எழுதும்போது உங்களை அழைப்பார். கூகுள் மதிக்கும் இணைப்புகளும் குறிப்புகளும் இப்படித்தான் பிறக்கின்றன. சமூக ஊடகம் ஆட்களைக் கிளப்பிவிடுகிறது. அவர்கள் வந்து சேர ஓர் இடம் வேண்டும். உங்கள் வெப்சைட்டில் முகவரியும் நம்பரும் மட்டும்தான் இருக்கின்றன. வருகிறவர் படிக்கவும் ஒன்றுமில்லை, கூகுள் வாசிக்கவும் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் நீங்கள் தினமும் சொல்லும் பதில்கள் எதுவும் கூகுளுக்குத் தெரியாது.

அந்தப் பதில்கள்தான் உங்கள் சொத்து. வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இன்றைக்கே வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். கருப்பட்டியில் சர்க்கரை கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, உடைத்தால் உள்ளே எப்படி இருக்க வேண்டும், கிலோ ஏன் இந்த விலை, மழைக்காலத்தில் கசியாமல் எப்படி வைப்பது, புதுக் கருப்பட்டிக்கும் பழைய கருப்பட்டிக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் கேட்டிருப்பார்கள். கூகுளில் தேடுகிறவர்களும் இதையேதான் தேடுகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் வெப்சைட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவது, அந்தப் பதத்தை உங்கள் மாமனார் எதை வைத்துச் சொல்வார் என்பது, இவையெல்லாம் எங்கோ கோடவுனில் வைத்துப் பெட்டி கட்டும் ஆன்லைன் கடைக்கு எழுத வராது. உங்களுக்கு வரும். எடுத்த வீடியோவை அந்தப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் எழுதாதீர்கள்: ‘சுகர் உள்ளவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.’ பல கடைகள் இப்படிப் போட்டு விற்கின்றன. கருப்பட்டியும் சர்க்கரைச் சத்துதான். நம்பி வாங்கும் ஒருவரின் உடம்பு சம்பந்தப்பட்டது இது. உடல்நலம் பற்றிய பக்கங்கள் நம்பத்தகுந்தவையா என்பதைக் கூகுளும் கூடுதலாகவே பார்க்கிறது.

தேடும் சொல்லிலும் கவனம் வையுங்கள். நீங்கள் விற்கும் சில்லுக்கருப்பட்டியைப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், 2019இல் இதே பெயரில் ஹலிதா ஷமீம் இயக்கிய படத்தைப் பற்றிய பக்கங்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். ‘சுக்கு, மிளகு சேர்த்த சில்லுக்கருப்பட்டி’ என்று தலைப்பிலேயே போட்டால், சாப்பிடுவதற்குத் தேடுகிறவர் உங்களிடம் வருவார். சிலர் பனைவெல்லம் என்று தேடுவார்கள், சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். அந்த வடிவங்களும் பக்கத்தில் இயல்பாக எங்காவது வரட்டும்.

இன்ஸ்டாகிராமில் சமீபத்தில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2025 ஜூலை 10 முதல், ப்ரொஃபஷனல் கணக்கு வைத்திருப்பவர்களின் பொதுப் பதிவுகள் கூகுள் போன்ற தேடுபொறிகளில் வர முடியும். உங்கள் கணக்கு அந்த வகைதானா, தேடுபொறிகளில் காட்ட அனுமதி இருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். அப்புறம் கேப்ஷனைத் திருத்துங்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்த அந்த வீடியோவுக்குக் கீழே இரண்டு ஹார்ட்டும் பத்து ஹேஷ்டேக்கும் இருந்தால், அது எதைப் பற்றியது என்று தேடுபொறிக்கு எப்படிப் புரியும்? ‘உடன்குடியில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கும் முறை’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். அதே வீடியோவின் நீளமான வடிவத்தை யூட்யூபிலும் ஏற்றுங்கள். செய்முறையைத் தேடுகிறவர்களுக்குக் கூகுள் அடிக்கடி யூட்யூப் வீடியோவையே முன்னால் வைக்கிறது.

உள்ளூர்த் தேடல் தனிக் கதை. திருச்செந்தூர் கோயிலுக்கு வந்தவர், ‘பக்கத்தில் கருப்பட்டி கடை’ என்று போனில் தேடும்போது மேப்போடு வரும் பட்டியலுக்குக் கூகுள் மூன்றைப் பார்ப்பதாகச் சொல்கிறது: தேடியதோடு பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பேருக்குத் தெரிந்தது. மூன்றாவதில் ரிவ்யூக்களும், உங்களைப் பற்றி இணையத்தில் பிறர் எழுதியதும் சேரும். ரீல்ஸ் கொண்டுவந்த புகழ் இங்கேதான் பலிக்கும். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் தொடங்குவது இலவசம். அதில் இன்ஸ்டா, யூட்யூப் கணக்குகளையும் சேர்க்கலாம். கடைப் பெயர், முகவரி, நம்பர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். வாங்கியவர்களிடம் ரிவ்யூ கேளுங்கள். அதற்குத் தள்ளுபடியோ இலவசமோ தருகிறேன் என்று சொல்லாதீர்கள், கூகுளின் விதி அதைத் தடுக்கிறது.

உழைப்பை முழுக்க ஒரே ஆப்பில் போடுவதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடைசெய்தபோது, அதில் கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் எல்லாவற்றையும் இழந்தார்கள். வெப்சைட் உங்கள் பெயரில் இருக்கும் இடம். டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் வெப்சைட்டை இணைத்தால், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்பதெல்லாம் தெரியும். ஒரு ரீல் நன்றாக ஓடிய வாரத்தில் கடைப் பெயரைத் தேடுவது கூடியிருக்கிறதா என்று பாருங்கள். 16 மாதக் கணக்கு அதில் நிற்கும் என்பதால், இந்தப் பருவத்தைப் போன பருவத்தோடு ஒப்பிடவும் முடியும். புதிதாக எழுதிய பக்கங்கள் மேலே ஏறச் சில மாதங்கள் ஆகும். அதனால் அடுத்த பதநீர்ப் பருவம் தொடங்கும்வரை காத்திராமல், கலப்படத்தைக் கண்டுபிடிப்பது பற்றிய பக்கத்தை இந்த வாரமே எழுதி ஏற்றிவிடுங்கள்.