கோள்நிலையும் கால ஆராய்ச்சியும்

கீழ்மாகாணத்திலே வைகாசி தோறும் கண்ணகையம்மனுக்குச் சடங்கு நிகழ்கின்றது. அதனைக் கண்டு வந்த தம்பலகாமத்து மாணவனொருவன், "மதுரை எரிந்தது எந்த ஆண்டு?" என எம்மை வினவினான். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை.

சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதை அந்நாளை ஆடித் திங்கள், தேய்பிறை அட்டமி, கார்த்திகை நாண்மீன், வெள்ளிக்கிழமை எனக் குறிக்கின்றது. பஞ்சாங்கக் கணிதத்திற் பெரும்புலமை வாய்ந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925) இவை பொருந்தும் நாள் கி. பி. 756 யூலை 23 எனக் கண்டார். கிழமையையும் திதியையும் யாமும் கணித்துப் பார்த்தோம், பிழையில்லை.

எனினும், அதுவே அந்நாள் எனத் துணிதல் எங்ஙனம்? ஆடியின் இறுதியில் தேய்பிறை அட்டமி வருமாயின், சந்திரன் கார்த்திகையை அடுத்தே நிற்கும். ஆகவே மாதமும் திதியும் நாண்மீனும் மூன்று தனிச்சான்றுகள் ஆகா. வெள்ளிக்கிழமையோ ஏழில் ஒன்று. ஒரு நூற்றாண்டிற் சிலமுறையேனும் இந்நான்கும் கூடும். பிள்ளையவர்கள் அடியார்க்குநல்லார் உரைக் குறிப்புக்களையும் துணைக்கொண்டார். அவ்வுரையோ நூலுக்கு மிகப் பிற்பட்டது. நூலிலே பத்தினிக் கோட்டத்துக்கு வந்ததாகக் கூறப்படும் கயவாகுவை நம் நாட்டுக் கஜபாகுவாகக் கொள்வோர், கதை நிகழ்ச்சியை 2-ஆம் நூற்றாண்டில் வைப்பர்.

பரிபாடலின் 11-ஆம் பாட்டு இதனினும் வலிய சான்று தருவது. அங்கே கிரகணத்தோடு கோள்கள் நின்ற இராசிகளும் கூறப்படுகின்றன. வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டிலும் சனி 30 ஆண்டிலும் வான்வட்டத்தைச் சுற்றுவன. அவை ஒருங்கே பழைய நிலைக்கு மீளுதல் அரிது. அதற்குப் பிள்ளையவர்கள் கண்ட நாள் கி. பி. 634 யூன் 17. சங்கநூலை அத்துணைப் பிற்காலத்துக்கு இறக்கப் பலர் உடன்பட்டிலர். புலவர் கண்டு பாடினாரோ, கற்பித்துப் பாடினாரோ என்பதும் வினாவே.

மேனாட்டாரும் இவ்வாறே இடர்ப்பட்டனர். ஏரோது மன்னன் இறக்குமுன் சந்திர கிரகணம் நிகழ்ந்ததென யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் எழுதினார். இயேசு பிறந்த காலத்தைத் துணிதற்கு அது வேண்டப்படுவது. கி. மு. 4 மார்ச்சு 13-இல் நிகழ்ந்த கிரகணமே அது என்பர் பெரும்பாலோர், கி. மு. 1 சனவரியில் நிகழ்ந்ததே என்பாரும் உளர். இரண்டும் மெய்யாகவே நிகழ்ந்தவை.

மாணவர் வீட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து, ஆடித் தேய்பிறை அட்டமியன்று எந்த நாண்மீன், எந்தக் கிழமை எனப் பார்த்து, ஆண்டுதோறும் குறித்து வருக.