வெட்டிய குப்பை யாருடைய பொறுப்பு?

சொந்தக் காணியில் பயிர் செய்ய வழியில்லாதபோது, கைப்பழக்கமான தொழிலைக் கொண்டுதான் பிழைக்க வேண்டியிருக்கிறது. மண்வெட்டியும் கத்தியும் பிடித்துப் பழகிய நம் குடும்பங்கள் பல, இன்று சாம்பல்தீவிலும் அண்டிய உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளிலும் வீட்டு வளவுகளையும் விடுதித் தோட்டங்களையும் துப்புரவு செய்து கூலி பெறுகின்றன. 2009இல் போர் முடிந்தபின் கடற்கரையோரம் விடுதிகள் பெருகின. இந்த வேலையும் பெருகியது. ஒருவர் தென்னையில் ஏறிக் காய்ந்த ஓலை கழிப்பார், ஒருவர் புல்லு வெட்டுவார், இன்னொருவர் லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிப் போவார்.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் சொல்வது ஒன்றுதான்: "குப்பையை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டிவிடு தம்பி."

இந்த 'எங்கேயாவது' என்ற சொல்லைப் பற்றியதே இந்தப் பாடம்.

1. 'எங்கேயாவது' என்பது யாருடைய இடம்?

நாமும் முன்பு அப்படிக் கொட்டியவர்கள்தான். பற்றை மூடிக் கிடந்த ஒரு காணியில் வேலி இல்லை, கேட்பாரும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் பெட்டி பெட்டியாக அங்கே கொட்டினோம். பிறகு ஒரு நாள் வயதான அம்மா ஒருவர், இடம்பெயர்ந்து இருந்த ஊரிலிருந்து காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். குவியலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பிமார், எங்கட கிணறு இதுக்குள்ளதானே இருந்தது?" என்று மட்டும் கேட்டார். ஏசவில்லை. நாம் கூலியில்லாமல் மூன்று நாள் நின்று அதை அள்ளினோம். கிணறு பாதிக்கு மேல் தூர்ந்திருந்தது.

ஆளில்லாத காணி, சொந்தக்காரர் இல்லாத காணி அல்ல. இதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்? நாம் விட்டுவந்த வளவிலும் இன்று யாரோ ஒருவர் 'எங்கேயாவது' என்று கொட்டிக்கொண்டிருக்கலாம்.

களப்புக் கரையும் அப்படித்தான். கண்டல் வேரடியில் கொட்டினால் தண்ணீர் ஓட்டம் அடைபடும், இறாலும் மீனும் பெருகும் இடம் கெடும். கரையோர மணல் நிலத்தில் மேலே கொட்டியதன் சாறு விரைவாகக் கீழே இறங்கும். கிணற்றுத் தண்ணீரை நம்பி வெங்காயமும் மரக்கறியும் செய்கிற ஊரில் அது எல்லோரையும் தாக்கும்.

2. சட்டம் என்ன சொல்கிறது?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, தன் எல்லைக்குள் குப்பையை அகற்றுவதும் அதைச் சேர்க்க இடம் ஒழுங்கு செய்வதும் பிரதேச சபையின் கடமை. தெருவிலும் பிறர் காணியிலும் குப்பை கொட்டித் தொல்லை உண்டாக்குவது குற்றம். 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டம் தொடக்கம் இது நம் நாட்டில் இருந்து வருகிறது.

குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது, 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2017இல் தடை செய்யப்பட்டது. ஆகவே 'கொளுத்திவிட்டால் முடிந்தது' என்பதும் சரியான வழி அல்ல. தண்ணீர் தேங்கும் சிரட்டையையும் இளநீர்க் கோம்பையையும் விட்டுவைத்தால், 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் குறுக்கே வரும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்தில் தோட்ட வேலை செய்கிற நம் உறவினர் சிலர் வேறொரு முறையைச் சொல்வார்கள். அங்கே தொழிலாகக் கழிவை ஏற்றிச் செல்பவர் அரச நிறுவனத்தில் பதிந்திருக்க வேண்டும். ஒரு கடையோ விடுதியோ கழிவைக் கொடுக்கும்போது, என்ன கழிவு, யார் கொடுத்தார், யார் ஏற்றார் என்று ஒரு துண்டு எழுதி, இருவரும் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கழிவைக் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு.

நம் நாட்டில் ஓலையும் புல்லும் ஏற்றுவோருக்கென நாடு தழுவிய அப்படியான பதிவு இல்லை. ஆனால் தீங்கான கழிவு என்று பட்டியலிடப்பட்டவற்றைச் சேகரிக்கவும் ஏற்றவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டும் என 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. தொழிலுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்தால், அந்த வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

3. நாம் செய்யக்கூடியவை

முதலில் இடம் கேட்போம். வேலைக்குப் போகுமுன் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குப் போய், தோட்டக் குப்பையை எந்த இடத்தில், எந்த நாளில், என்ன கட்டணத்துக்கு ஏற்பார்கள் என்று கேட்க வேண்டும். தனியாகப் போவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேட்பது நல்லது. அந்தக் கட்டணத்தையும் எண்ணெய்ச் செலவையும் கூலியில் சேர்த்தே விலை பேச வேண்டும். சேர்க்காமல் விலை பேசினால், இருட்டில் கொட்டத்தான் மனம் சொல்லும்.

ஏற்றுமுன் பிரிப்போம். மூன்று குவியல் போதும்: உக்கக்கூடிய இலை, புல்லு, ஓலை, போத்தல், தகரம், பொலித்தீன், மருந்துப் போத்தலும் பழைய பற்றரியும். மூன்றாவது குவியலைப் பெட்டியில் ஏற்ற வேண்டாம். அது வீட்டுக்காரருடையது என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

நாம் மருந்து அடித்த போத்தலானால், வெறுமையானதும் கால்பங்கு தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவிக்குள் ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் துளையிட்டால் யாரும் குடிதண்ணீருக்கு எடுக்க மாட்டார்கள். கிணற்றடியில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது. எங்கே ஒப்படைப்பது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்க வேண்டும்.

உக்குவதை எருவாக்குவோம். நாம் பணம் செலவழித்து ஏற்றிக் கொட்டுகிற குப்பையில் பெரும்பகுதி நம் மணல் நிலத்துக்கு வேண்டிய பசளை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, ஒரு கடகம் எருவுக்கு அலைந்ததை நினைத்துப் பார்ப்போம். வளவுக்காரரின் சம்மதத்தோடு நிழலான மூலையில் ஒரு மீற்றர் அகலம், ஒரு மீற்றர் உயரத்தில் குவியல் அமைக்கலாம். அரை அடிக்கு இலையும் புல்லும், மேலே இரண்டு அங்குலம் மாட்டெரு, கொஞ்சம் மண் என்று அடுக்கித் தண்ணீர் தெளித்து, ஓலையால் மூட வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் எரு கிடைக்கும். ஓலை ஈர்க்கையும் தடித்த கிளையையும் இதில் போடாமல் விறகுக்கு எடுக்கலாம். களைநாசினி அடித்த புல்லைச் சேர்க்க வேண்டாம்.

பொச்சு மட்டை உக்க நாள் எடுக்கும். அதைத் தென்னைகளுக்கு நடுவே கிடங்கு வெட்டி, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடினால், மாரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் மரத்துக்குக் கொடுக்கும்.

ஒரு கொப்பி வைப்போம். திகதி, யாருடைய வளவு, எத்தனை பெட்டி, எங்கே இறக்கியது என்று நான்கு நிரல் போதும். சபையின் பற்றுச்சீட்டை அதிலேயே ஒட்டி வைக்கலாம். நாளை ஒருவர் "இந்தக் குப்பை உன்னுடையது" என்று குற்றம் சாட்டினால், ஏழைக்குச் சாட்சி அந்தக் கொப்பிதான். ஒழுங்காக வேலை செய்கிறவர் என்று விடுதிக்காரருக்குக் காட்டவும் அது உதவும்.

4. கூட்டத்தில் கலந்து பேச

• நம் ஊரில் குப்பை கொட்டப்படும் வெறுங்காணிகள் எவை? அவற்றின் சொந்தக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்கு யார் செய்தி அனுப்புவது?

• பிரதேச சபைக்கு எழுதும் கடிதத்தில் நாம் எவற்றைக் கேட்க வேண்டும்?

• நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு எருக்குவியல் அமைத்தால் அதை எப்படிப் பங்கிடுவது?

அடுத்த முறை வீட்டுக்காரர் 'எங்கேயாவது' என்று சொன்னால், "ஐயா, இன்ன இடத்துக்குத்தான் கொண்டுபோவோம், அதற்கு இவ்வளவு செலவு" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவோம். நம் காணியில் மற்றவர் எப்படி நடக்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படியே நாமும் மற்றவர் காணியில் நடப்போம்.