தகப்பனாரின் பி.எஸ்.ஏ. அளவு ஏறும்போது

அறுபதைக் கடந்த தகப்பனாரின் இரத்தப் பரிசோதனையில், சென்ற வருஷம் 3 என்றிருந்த பி.எஸ்.ஏ. அளவு இவ்வருஷம் 5 என்று ஏறியிருப்பதைக் கண்டவுடனே, பிள்ளைகள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிப் புற்றுநோய் என்றே நிச்சயித்துக்கொண்டு, அவரிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் வைத்தியர்களை விசாரித்து அலைவதைப் பல குடும்பங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். முதற்காரியம், அவரிடமே சொல்லிவிடுவது. சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் உண்டா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தானே தெரியும்!

பி.எஸ்.ஏ. என்பது பிராஸ்டேட் சுரப்பி இயல்பாகவே சுரக்கும் ஒரு புரதம். வயோதிகத்தினால் அச்சுரப்பி பெருத்தாலும், அதில் அழற்சியோ சிறுநீர்த் தொற்றோ ஏற்பட்டாலும், சிறுநீர்க் குழாய் செருகியிருந்தாலும் அளவு ஏறும். ஆகையால் தொற்று இருந்தால் அது குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் சென்றபின், முன் இரண்டு நாட்கள் சைக்கிள் சவாரியையும் தாம்பத்திய உறவையும் தவிர்த்து, பழைய லேபிலேயே மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். லேபுக்கு லேப் அளவு சற்று மாறும். மலிவு என்பதற்காக ஒவ்வொரு தடவையும் வேறிடத்துக்குப் போவதை நான் ஒப்பவே மாட்டேன். அளவு 10-க்கு மேலிருந்தாலோ, எலும்பு வலி, கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு ஆகியவை கண்டாலோ இந்த நிதானம் உதவாது. உடனே யூராலஜி டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இனி, பெரும்பாலோர் இடறுகிற இடத்துக்கு வருகிறேன். ஒரு முழுத்தாளை எடுத்து, கிடைத்த பழைய ரிப்போர்ட்டுகளிலிருந்து தேதி, லேப், அளவு ஆகியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தச் சமயத்தில் அவர் சாப்பிட்டுவந்த மாத்திரைகளையும் எழுதுங்கள். கம்பெனி வைத்த பெயர் போதாது; மாத்திரை அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைக் கண்ணாடி போட்டுக்கொண்டாவது படித்து எழுத வேண்டும். ஏனெனில், சிறுநீர் தாராளமாகப் போவதற்கென்று கொடுக்கப்படும் மாத்திரைகளில் டாம்சுலோசின் மட்டும் இருந்தால் பி.எஸ்.ஏ. மாறுவதில்லை; அதனோடு டூட்டாஸ்டெரைடு சேர்ந்திருந்தாலும், ஃபினாஸ்டெரைடு தனியே கொடுக்கப்பட்டிருந்தாலும், ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு 2.8 என்று வந்தால், வழக்கமான வரம்பாகிய நாலுக்குக் கீழே என்று நிம்மதி அடைந்துவிடலாகாது, அதை 5.6 என்றே பாவித்துக்கொள்ள வேண்டும். அதிலும், மாத்திரையினால் 1.2-க்கு இறங்கிய அளவு மாத்திரையை விடாமல் சாப்பிடும்போதே 2.4-க்கு ஏறுமானால், ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தோ அம்புக்குறியோ இல்லாவிட்டாலும், அது அவசியம் டாக்டரின் கண்ணில் பட வேண்டிய விஷயம். அந்த ஒரு தாள், பை நிறையக் கொண்டுபோகும் காகிதங்களைவிடப் பிரயோஜனமானது.

டாக்டர் விரலால் சோதிப்பார். அப்பா கூச்சப்படுவார், முன்னதாகவே சொல்லி வையுங்கள். அளவு 4-க்கும் 10-க்கும் இடையில் நின்றால் மொத்த பி.எஸ்.ஏ.வில் வேறு புரதங்களோடு ஒட்டாமலிருக்கும் பகுதியாகிய ஃப்ரீ பி.எஸ்.ஏ.வின் விகிதத்தைப் பார்க்கச் சொல்லலாம். அது 25 சதவீதத்துக்கு மேலிருந்தால் ஆபத்து குறைவு, 10-க்குக் கீழே என்றால் சந்தேகம் அதிகம். பயாப்சி வேண்டும் என்று சொல்லப்பட்டால், அதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்; சந்தேகத்துக்குரிய இடத்தைக் குறிவைத்துச் சதை எடுக்க அது உதவும். இருதயத்துக்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரெலோ சாப்பிடுகிறவராயின் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

பயாப்சி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்றே வந்தாலும், அன்றைக்கே ஆபரேஷனுக்குத் தேதி வாங்க ஓட வேண்டாம். நோயின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் எண் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். அது 6 ஆக இருந்து, நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தால், சிகிச்சையைத் தொடங்காமல், குறித்த காலங்களில் பி.எஸ்.ஏ.வும் தேவைக்கேற்ப எம்.ஆர்.ஐ., பயாப்சியும் செய்து கண்காணித்து வருவதே பலருக்கு ஏற்ற முறை. தகப்பனாருக்கு அது பொருந்துமா என்பதை அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டரிடம் கேளுங்கள்.